சைக்கிள் பாதையில் மஞ்சள் கல்

எங்கள் ஊருக்கு எதையாவது புதிதாகக் கட்டுவதற்குப் பணம் வரும். கட்டினதைப் பார்த்துக்கொள்வதற்கு வராது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மதினியை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இப்போதும் பேப்பரில் ரிப்பன் வெட்டுகிற போட்டோவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். திறக்கிறாய், சரி. நாளைக்கு அதில் முள் முளைத்தால் வெட்டப்போவது யார்? ஆனால் பேப்பரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். எண்பதுகளில் ஊரில் பாதிப் பேருக்கு ராஜபாளையத்து நூல் மில்களில்தான் சோறு. பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு மட்டும் இருக்காது. மதுரையிலிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் எங்களைப் பார்த்ததும் இன்னும் வேகமாகப் போகும். சங்கு ஊதி முடிந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அடிக்கடி அப்படியானால் வேலையே கிடையாது. அதனால் எல்லாரும் சைக்கிள்தான். சைக்கிளில் போகிறவனுக்கு வேலை உண்டு, போக முடியாதவனுக்கு இல்லை. எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் இருந்து, நெஞ்சு கெட்டு, இருமி இருமிச் செத்துப்போனான். அவன் இடத்தில் மதினிக்கு வேலை கொடுத்தார்கள். கைப்பிள்ளையாக ஒரு மகள். நான் கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வேலையில் இருந்தேன். அம்மா, நான், மதினி, பிள்ளை. நாலு பேர் வயிற்றுக்கு நாங்கள் இரண்டு பேர் சம்பாத்தியம்.

அப்போது எங்கள் பக்கத்தில் பொம்பளை சைக்கிள் விட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். மதினி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, விழுந்து விழுந்து பழகினாள். முழங்காலெல்லாம் ரத்தம். கரையில் ஆடு மேய்த்த ஒரு கிழவன், "ஏத்தா, புருசன் போன சோகத்துல சைக்கிளா ஓட்டுத?" என்று கேட்டிருக்கிறான். "ஆமா பெரியப்பா, நீரு ஒரு வேளை கஞ்சி ஊத்தும், நான் இப்பமே எறங்கிருதேன்" என்றாளாம். அவள் வாய் அப்படி. பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டாள். எனக்கு அவளைவிடக் கூடுதலாக அடிபட்டது.

ரோட்டில் போவதுதான் உயிர்ப் பயம். கேரளத்துக்குப் போகிற லாரி, அங்கிருந்து மரம் ஏற்றி வருகிற லாரி, ஒன்றை ஒன்று முந்துகிற பஸ். பின்னால் ஆரன் அடித்தால் நாம் தாரை விட்டு இறங்கிவிட வேண்டும். இறங்குகிற இடத்தில் ஓரம் பள்ளமாக இருந்தால் நம் தலையெழுத்து. அதிலும் ஊரைத் தாண்டி, ரோடு கண்மாய்க் கரையைச் சுற்றித் திரும்புகிற வளைவு இருக்கிறதே, அங்கே எதிரில் வருவதும் தெரியாது, பின்னால் வருவதும் தெரியாது. ஷிப்டுக்குப் போகிற ஆம்பளைகளே அங்கே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அப்போது ஜெயித்த தலைவர் ஒரு காலத்தில் மில்லில் இருந்தவர். அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மறைத்துப் பேச வேண்டியதில்லை, அவர் ஒருவர்தான் செய்தார். வேலைவாய்ப்புத் திட்டத்தில் வந்த பணத்தைப் பிடித்து, ரோட்டு ஓரமாகச் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார். ஊர் எல்லையிலிருந்து வளைவைத் தாண்டி, ராஜபாளையம் டவுன் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் சரள் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டினார்கள். தாருக்கும் பாதைக்கும் நடுவில் வரிசையாகக் கல் நட்டார்கள். தோட்டத்து வேலிக்கு நடுவோமே, அந்தக் கல்தான். இடுப்பு உயரம். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள்.

அந்தப் பாதையில் முதல் நாள் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லாரிக்காரன் பின்னாலிருந்து ஆரன் அடித்தான். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சுக்கோ ராசா, விடிய விடிய அடி. நான் ஒன் ரோட்டுல இல்ல" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, வீட்டுக் கதை, மில் கதை, மேஸ்திரி கதை எல்லாம் பேசிக்கொண்டு போனோம். ரோட்டில் அப்படிப் பேசிக்கொண்டு போக முடியும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வருஷமே ஊரில் இன்னும் சில பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வீட்டில் தடுத்த ஆம்பளைகளிடம், "தனிப் பாதை இருக்குல்ல, கல்லு நட்டிருக்குல்ல" என்று சொல்ல முடிந்தது. கல்லைக் காட்டித்தான் வேலைக்குப் போனார்கள்.

நல்லது எம்புட்டு நாளைக்கு நிற்கும்? இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் பாதையின் பாதி அரித்துக்கொண்டு போய்விட்டது. ஓரத்தில் சீமைக்கருவேலம் எழுந்து வந்து முகத்தில் அடித்தது. முள் குத்திப் பஞ்சராகாத நாள் இல்லை. மதினியும் நானும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். கிளார்க்கு நல்ல மனுசன்தான். உட்காரச் சொன்னார்.

"பராமரிப்புக்குப் பணம் இல்லம்மா" என்றார்.

"போடுததுக்கு எங்கிட்டு இருந்து வந்துச்சோ, அங்கிட்டே கேளுங்களேன்" என்றாள் மதினி.

"அது புது வேலைக்கு வார பணம்மா. போட்டதைப் பாக்கதுக்கு அதுல எடமே கெடையாது. தெருவிளக்கு, தண்ணி டேங்கு, அதுக்கே வரிப்பணம் காணல."

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. இருக்கிறதைப் பூராத்தையும் தோண்டிப் போட்டுருங்க. பொறவு புதுப் பாதைன்னு பணம் கேளுங்க."

கிளார்க்கு சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். தலைவர் அவர் பங்குக்கு ஒன்றியத்துக்கும் சேர்மனுக்கும் நடந்து பார்த்தார். ஒன்றியத்தில், மெயின் ரோட்டு ஓரம் ஹைவேஸ் இடம், அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹைவேஸில், பாதை நாங்கள் போட்டதில்லை, போட்டவர்களைக் கேளுங்கள் என்றார்கள். தலைவருக்கு வெறுத்துப்போய்விட்டது.

அதற்குப் பிறகு கல் களவு போக ஆரம்பித்தது. களவு என்றால் வெளியூர்க்காரன் இல்லை. எல்லாம் நம்ம ஆட்கள்தான். ஒருவன் தொழுவத்துக்குப் பிடுங்கினான், ஒருவன் வாசல்படிக்குப் பிடுங்கினான். ஒரு வீட்டு முற்றத்தில் துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகூட அழியவில்லை. மதினி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். "ஏம்ணே, எங்க உசுரைக் காக்க வச்ச கல்லுல ஒம்ம வேட்டியைத் துவைக்கீரே, வெளுக்குதா?" என்று கேட்டாள். அந்த ஆளுக்கு வெட்கமே இல்லை. "எல்லாரும் எடுத்தாவ, நானும் எடுத்தேன். நான் எடுக்கலேன்னா வேறொருத்தன் எடுப்பான்" என்றார். அவரும் எங்களோடு சைக்கிளில் மில்லுக்கு வருகிறவர்தான். 

கடைசியில் வளைவில் நின்ற கற்கள் மட்டும் மிச்சம். அதிலும் ஒன்றை யாரோ கடப்பாரை போட்டு ஆட்டிப் பார்த்திருந்தார்கள். மதினி அன்று முழுக்க யோசனையாகவே இருந்தாள். மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது தூக்குச்சட்டியோடு சேர்த்து ஒரு பொட்டலத்தையும் சைக்கிளில் மாட்டினாள். வளைவு வந்ததும் இறங்கி, என்னிடம் சைக்கிளைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தாள். மஞ்சள்தூள், குங்குமம், ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி. ஆட்டிவிட்டிருந்த அந்தக் கல்லைக் காலால் மிதித்து மண் அணைத்து இறுக்கி, மஞ்சளைக் குழைத்து மேலிருந்து கீழ் வரை பூசி, பொட்டு வைத்து, துணியைச் சுற்றி, வேப்பங்குலை ஒன்றை ஒடித்துச் செருகினாள்.

நான் பயந்துபோய்க் கேட்டேன். "சாமி குத்தம் ஆயிராதா மதினி?"

"சாமியே இல்லாத எடத்துல என்னட்டி குத்தம்? இனி எவன் கடப்பாரை போடுதான்னு பாப்போம்" என்றாள்.

சொன்னது போலவே எவனும் போடவில்லை. பிடுங்கித் துவைகல்லாகப் போட்டவன்கூட அந்த இடத்தில் செருப்பைக் கழற்றினான். பக்கத்துக் கற்களும் தப்பித்தன. மில்லில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. பஞ்சாயத்தும் ஒன்றியமும் ஹைவேஸும் செய்யாத பராமரிப்பை ஒரு பொட்டலம் மஞ்சள் செய்துவிட்டது என்று மதினிக்கு ஒரே பெருமை.

முதலில் ஒரு லாரிக்காரன் நிறுத்தித் தேங்காய் உடைத்தான். வளைவுகளில் லாரிக்காரர்கள் அப்படிச் செய்வது உண்டுதான், நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு பஸ்ஸிலிருந்து காசு விழ ஆரம்பித்தது. டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் காசைப் பொறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நாளில் அவர் பூசாரி. கல்லுக்கு வளைவு மாரியம்மன் என்று பெயர். வெயிலுக்கு ஓலைக் கீற்று போட்டார், மழைக்குத் தகரம் போட்டார், தகரத்தைத் தாங்கச் சுவர் எழுப்பினார். எல்லாம் எங்கள் சைக்கிள் பாதை மேலேதான். கோயிலுக்கும் கண்மாய்க் கரைக்கும் நடுவில் ஒரு சந்து மட்டும் மிச்சம் இருந்தது. அதில் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராகப் போனோம். முதல் நாள் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போன அதே இடம்.

மதினி பூசாரியிடம் நேராகப் போனாள். "எண்ணே, அது சாமி இல்ல. களவு போயிரக் கூடாதேன்னு நான் பூசின மஞ்சள். வேணும்னா என் நாத்தனாரைக் கேளும்" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கையெடுத்து அவளைக் கும்பிட்டார். "நீ பூசலத்தா. அவ பூச வச்சா. எங்க இருக்கணும்னு அவளுக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல எம்புட்டுப் பேரு இருக்காவ, ஒன் கையைத்தான பிடிச்சிருக்கா" என்றார். சுற்றி நின்ற பொம்பளைகள் மதினி காலைத் தொட வந்துவிட்டார்கள். அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏட்டி, உண்மையைச் சொன்னாலும் கும்பிடுதாவளே, இவியளை என்னட்டி செய்ய?" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு போய், பூசாரி வருவதற்குள் கல்லைத் தேய்த்துக் கழுவிப் பட்டை தெரிய வைத்துவிட்டாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அந்த வழியாகக் காட்டு வேலைக்குப் போன பெண்கள் நின்றார்கள். திட்டப்போகிறார்கள் என்று பயந்தேன். "அம்மனுக்கு அபிசேகம் நடக்குட்டி, செத்த நேரம் இரு" என்று ஒருத்தி ஊருக்குள் ஓடி, மஞ்சளும் பாலும் இளநீரும் வாங்கி வந்தாள். மதினி கழுவின ஈரம் காயுமுன்னே முன்னைவிடக் கனமாக மஞ்சள் ஏறிவிட்டது. அவள் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்து, அருள் வருகிறது என்று ஒருத்தி குலவையிட்டாள்.

அதற்குள் தொண்ணூற்றொன்று வந்து, பஞ்சாயத்துத் தலைவர்கள் காலம் முடிந்து, தேர்தலும் இல்லாமல் போயிற்று. ஊருக்குத் தலைவரே கிடையாது. ஒன்றிய ஆபீசில் ஒரு தனி அலுவலர் இருந்தார். எத்தனையோ ஊருக்கு அவர் ஒருவர்தான். எங்கள் வளைவு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மதினி ஷிப்டை மாற்றிக்கொண்டு அவரைப் பார்க்கப் போய்க் காத்துக் கிடந்தாள். "கோயில் விஷயம், நான் கை வைக்க முடியாது" என்றார். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். ஆவன செய்கிறோம் என்று பதில் வந்தது. ஆவன என்றால் என்ன என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றுதான் அர்த்தம் போல.

ஆடி மாசம் வெள்ளிக்கிழமை. மத்தியான ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அது குற்றாலத்துச் சீசன் நேரம், ரோட்டில் வேனும் காருமாகப் பறந்துகொண்டிருந்தது. கோயிலில் கூழ் ஊற்று. பந்தல் போட்டு, மைக் கட்டி, கூட்டமான கூட்டம். நாங்கள் தள்ளிக்கொண்டு போகிற சந்தில்தான் அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றியிருந்தார்கள். "வழி விடுங்க, சங்கு ஊதிரும்" என்று மதினி கத்தினாள். "கூழு குடிச்சிட்டுப் போத்தா" என்றார்கள். குடித்துக்கொண்டிருந்தால் கேட்டைச் சாத்திவிடுவான். அவள் சைக்கிளைத் திருப்பித் தார் ரோட்டில் ஏற்றினாள். நான் அவளுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தேன். வளைவில் வேன் வந்தது.

அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மதினியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலுக்குப் பின்னால், பந்தல் நிழலில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். நான் வாயில் தண்ணீர் ஊற்றினேன். கடைவாயில் வழிந்துவிட்டது. மைக்கை நிறுத்துங்கள் என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, மைக் அவ்வளவு சத்தம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருமுன்னே அங்கேயே உயிர் போய்விட்டது.

வேன்காரன் மேல் கேசு நடந்தது. பாதையை அரிக்க விட்டவன் மேல், கல்லைப் பிடுங்கினவன் மேல், சுவர் எழுப்பினவன் மேல், கை வைக்கமாட்டேன் என்றவன் மேல் எந்தக் கேசும் இல்லை. யார் மேல் போடுவது? ஊரில் துக்கம் கேட்க வந்தவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "தன்னைப் பிடிச்சு வச்சவளைத் தன்கிட்டயே கூப்பிட்டுக்கிட்டா அம்மன்" என்றார்கள். கேட்ட நேரத்தில் எனக்குக் கை பரபரத்தது. துக்க வீடு என்று சும்மா இருந்தேன்.

அது அதோடு போகவில்லை. அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் என்ன வரும்? அம்மா அவளைக் குறிகாரனிடம் தூக்கிக்கொண்டு போனாள். துர்மரணம், தாகத்தோடு போன ஆத்துமா, உயிர் பிரிந்த இடத்தில் கல் நட்டு விளக்குப் போட்டால்தான் அடங்கும், இல்லாவிட்டால் பிள்ளையைச் சுற்றும் என்று அவன் சொல்லிவிட்டான். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அடிபட்டுச் செத்தவர்களைச் சாமியாக உட்கார வைக்காமல் விடமாட்டார்கள். ஆனால் உயிர் பிரிந்த இடம் எது? அந்தச் சந்து. சைக்கிள் போக மிச்சமிருந்த ஒரே இடம்.

"வேண்டாம்மா, அங்க கல்லு நட்டா பொறவு ஒரு சைக்கிளும் போக முடியாது. மதினி உசுரோட இருந்தா அந்தக் கல்லை அவளே பிடுங்கி எறிஞ்சிருவா" என்று நான் சண்டை போட்டேன்.

"உசுரோட இருந்தா எதுக்குட்டி கல்லு? அவ அலையுதா. பிள்ளையைப் பாரு, ஒடம்பு அனலாக் கொதிக்கி. நீ வேணும்னா பேசிக்கிட்டு இரு" என்றாள் அம்மா.

கல் நட்டார்கள். சின்னதாகப் பீடம் கட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தானாக விட்டிருக்கும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சந்து அடைந்துவிட்டது. மில்லுக்குப் போகிற சைக்கிளெல்லாம் வளைவில் தார் ரோட்டில் ஏறித்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. சைக்கிள் பழகின பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஒருத்தி தீப்பெட்டி ஒட்டப் போனாள், ஒருத்தி வீட்டோடு இருந்தாள். நான் மட்டும் போனேன். எனக்கு வேறு வழியில்லை.

தொண்ணூற்றாறில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள். எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஜெயித்தவள் யார் என்றால், எங்களோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள். மதினிதான் அவளுக்கும் பழக்கிவிட்டது. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நம்பிக்கை வந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. அங்கே இங்கே அலைந்து, பாதையை மறுபடி போடப் பணம் வாங்கிவிட்டாள். பராமரிப்பு என்று கேட்டால் தரமாட்டார்கள் என்று, புதுப் பாதை என்று எழுதியே வாங்கினாள். இஞ்சினியர் டேப்போடு வந்தார். வளைவு மாரியம்மன் கோயிலில் கை வைக்க முடியாது, அதற்குக் கும்பாபிஷேகமே ஆகிவிட்டது. கண்மாய்க் கரையை வெட்டவும் முடியாது. சந்து வழியாக மட்டும் பாதையைக் கொண்டுபோகலாம், பீடத்தை எடுத்துக் கரை மேலே ஏற்றி வைத்துவிட்டால் போதும் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதவி வந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். "ஒங்க குடும்பத்துக் கல்லுக்கா. ஊர்க்காரன் எவனும் கேக்க முடியாது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மார்ச்சுக்குள்ள வேலையை முடிக்கலேன்னா பணம் திரும்பிப் போயிரும்" என்றாள்.

அம்மா அப்போது நினைவு தப்பிப் படுக்கையில் கிடந்தாள். அண்ணன் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாய் என்றால் அந்தக் கல்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் போய் விளக்குப் போட்டு, பூ வைத்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அதனிடம் சொல்லிவிட்டு வருவாள். பரீட்சை மார்க்கை எனக்குச் சொல்லுமுன் அங்கே சொல்வாள்.

"எங்கம்மாவை எங்கயும் தூக்கக் கூடாது அத்தை. கரை மேல காத்துல அம்மா எப்படி இருப்பா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மதினி அங்கே இல்லை கண்ணு, இருந்தால் அவளே எடுக்கச் சொல்வாள், இந்தப் பாதைக்காகத்தான் அவள் நாயாக அலைந்தாள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்கிறவர்கள் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்காதவர்கள். நான் தலைவியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள், மறுபடி இரண்டு முறை வந்தாள். மார்ச் முடிந்தது, பணம் திரும்பிப் போய்விட்டது. ஆட்கள் ஒத்துழைக்காத ஊர் என்று பேர் வந்து, அதற்குப் பிறகு கேட்டாலும் கிடைக்கவில்லை.

பத்தாவது முடித்ததும் அண்ணன் மகளை மேலே படிக்க ராஜபாளையத்தில் சேர்த்தேன். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சைக்கிள் வேண்டாம் என்றால் படிப்பை நிறுத்த வேண்டும், பஸ்ஸை நம்பி அனுப்ப முடியாது. முதல் நாள் நானும் கூடவே போனேன். அவள் முன்னால், நான் பின்னால். வளைவு வந்தது. இரண்டு பேரும் தார் ரோட்டில் ஏறினோம். பின்னால் லாரி ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, கல் இருந்த பக்கம் திரும்பி, கும்பிட்டாள். ஒரு கை இல்லை, இரண்டு கையும்.

"கையை எடுக்காதட்டி! ஏட்டி, பாரைப் பிடி, பாரைப் பிடி!" என்று நான் அலறினேன். லாரி எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அவள் சைக்கிள் ஆடி, பிறகு நேராகிவிட்டது.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்கு அத்தை பயப்படுத? அம்மா பாத்துக்கிடுவா" என்றாள்.